அந்த ஏடு எங்கே இருந்தது?

கணினி வருவதற்கு முன்பு எழுதிய பட்டியல் அட்டைகள் எங்கள் நூலகத்தில் இன்னும் இரும்பு இழுப்பறைகளில் இருக்கின்றன. இப்போது யாரும் அவற்றைத் திறப்பதில்லை. நான் திறப்பேன். அதில் ஓர் அட்டையில் ஊதா மையில் இப்படி இருக்கிறது: ‘வைத்தியம், பலவகை. ஆசிரியர் பெயர் இல்லை. முதலும் முடிவும் இல்லை. பூச்சி அரிப்பு உண்டு.’

118 ஏடுகள் கொண்ட ஒரு சுவடிக்கு எழுதப்பட்டது அவ்வளவுதான். எழுதியவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கட்டு முடிக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் ‘பலவகை’ என்று எழுதிவிட்ட சுவடியை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்டு வரவில்லை. குழந்தை வைத்தியம் தேடி வருகிறவர் ‘பலவகை’யைக் கேட்க மாட்டார். மாட்டு வைத்தியம் தேடுகிறவரும் கேட்க மாட்டார். அலமாரியில் இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறை தூசு தட்டி எண்ணெய் தடவி வைப்போம். இருந்தும் அது இல்லாத சுவடிதான்.

ஓலைச்சுவடிகளுக்கும் பழைய கையெழுத்துத் தாள்களுக்கும் அட்டவணை போடுவது என் வேலை. பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இந்த வேலையில் எனக்கு அதிகம் கோபம் வரவழைக்கும் சொல் அந்தப் ‘பலவகை’. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் அதே சுவடிக்கு ஒரு கெடுதல் செய்திருக்கிறேன்.

அச்சு நூலுக்கு அட்டவணை போடுவது வேறு. முகப்புப் பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் இருக்கும். பெரும்பாலும் வேறொரு நூலகம் முன்பே போட்ட பதிவை எடுத்து நம் எண்ணைச் சேர்த்தால் முடிந்தது. சுவடிக்கு அப்படிச் செய்ய முடியாது. ஒரே நூலின் பத்துப் பிரதிகள் பத்து ஊரில் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். எழுதிய கை வேறு, விட்ட வரி வேறு, சேர்த்த வரி வேறு. நூலின் பெயர் முதல் ஏட்டில் இருக்கலாம், அல்லது கடைசி ஏட்டில். கட்டின் வெளிப்பக்கம் இருப்பதால் முதலில் உடைந்து உதிர்வதும் அந்த இரண்டும்தான். பெயர் கிடைக்காவிட்டால் நாமே ஒரு பெயர் வைத்துச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இது ஏட்டில் இல்லை, நான் வைத்த பெயர் என்று அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம். நான் இதில் கண்டிப்பாக இருப்பேன். அடைப்புக்குறியை ஒருவர் விட்டுவிட்டால், அடுத்த ஐம்பது வருடத்துக்கு ஆய்வாளர்கள் அந்தப் பெயரையே நூலின் பெயராக எடுத்தாளுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2008இல். நூலகவியல் படித்திருந்தேன், ஓலை படிக்கத் தெரியாது. எங்கள் பிரிவில் ஒரு பண்டிதர் இருந்தார். ஓய்வுபெற மூன்று வருடம் இருந்தது அவருக்கு. முதல் வாரம் என்னை எதையும் எழுத விடவில்லை. ஒரு பழைய கட்டைக் கொடுத்து, கயிற்றைப் பிரிக்கவும் கட்டவும் மட்டும் சொன்னார். மேலும் கீழும் மரச்சட்டம், ஏடுகளின் துளை வழியாக ஓடும் கயிறு. கயிற்றை இழுத்தால் துளை கிழியும், தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். அது கைக்குப் பழக எனக்கு நாலு நாள் ஆனது.

அப்புறம் ஒரு நாள் மை தடவக் கற்றுக்கொடுத்தார். எழுத்தாணியால் கீறிய ஏட்டில் மை கிடையாது, கீறல் மட்டும்தான். வருடங்கள் போனால் ஏடும் கீறலும் ஒரே பழுப்பு நிறமாகிவிடும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஏட்டில் தடவி, துணியால் துடைத்தால், கரி கீறலுக்குள் மட்டும் தங்கும். நான் துடைத்த முதல் ஏட்டில் ஆறு வரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்து எழுந்து வந்ததை என்னால் மறக்க முடியாது. ‘சுக்கு’ என்பதுதான் நான் படித்த முதல் சொல். பண்டிதர் ஐயா பக்கத்தில் நின்று, “சரி, அடுத்த சொல்லப் படிங்கம்மா” என்றார். எனக்கு வரவில்லை.

வராததற்குக் காரணம் உண்டு. ஓலையில் புள்ளி வைப்பது அரிது. குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வேறுபாடு காட்ட மாட்டார்கள். ‘எடு’ என்பதும் ‘ஏடு’ என்பதும் ஒரே மாதிரி இருக்கும். ‘கொடு’வும் ‘கோடு’ம் அப்படித்தான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுத்தில் மாற்றம் செய்தார். ஆனால் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் ஏடு எழுதியவர்கள் பழைய வழக்கத்தை விடவில்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே கோடு. ஆகவே ‘பால்’ என்றும் படிக்கலாம், ‘பரல்’ என்றும் படிக்கலாம். சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எண்ணும் எழுத்தும்கூடக் கலந்துவரும். ஒன்றுக்கு ‘க’ போல ஓர் உரு, இரண்டுக்கு ‘உ’ போல, பத்துக்கு ‘ய’ போல. மருந்துச் சுவடியில் இது விளையாட்டு இல்லை. ஒரு சரக்கின் அளவு எத்தனை என்பதும், அது சரக்கின் பெயரில் ஓர் எழுத்தா என்பதும் படிக்கிறவர் கையில் இருக்கிறது. நூலைத் தெரிந்தவர்தான் ஏட்டைப் படிக்க முடியும் என்று ஐயா சொல்வார். பாட்டின் சீரும் எதுகையும் எந்த எழுத்து என்று காட்டிக்கொடுக்கும்.

பின்னங்களுக்கு வேறு தனிக் குறிகள். முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, மா 20இல் ஒரு பங்கு. பல வருடம் இவற்றைக் கணினியில் அடிக்க வழியே இல்லாமல், பதிவில் ‘இங்கே ஒரு பின்னக் குறி’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் தமிழ்ப் பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் இடம் கிடைத்தது. அந்தச் செய்தி வெளியில் பெரிதாகப் பேசப்படவில்லை. எங்கள் அறையில் அன்று காப்பி வாங்கிக் கொண்டாடினோம்.

காலம் கணிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏட்டை எழுதி முடித்தவர் சில சமயம் கடைசியில் தேதி போடுவார். வெறுமனே ‘துர்முகி வருஷம் தை மாதம்’ என்று இருந்தால் அது 1777ஆம் ஆண்டின் தையாக இருக்கலாம், 1837ஆகவோ 1897ஆகவோகூட இருக்கலாம். அறுபது வருடச் சுற்று என்பதால் எத்தனையாவது சுற்று என்று தெரியாது. தெற்கே, திருநெல்வேலி, நாஞ்சில்நாட்டுப் பக்கம் எழுதியதாக இருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். அவர்கள் கொல்லம் ஆண்டையும் சேர்த்துப் போடுவார்கள். கொல்லம் ஆண்டு கி.பி. 825இல் தொடங்குகிறது. கொல்லம் 1012, தை, துர்முகி என்று இருந்தால் கூட்டிப் பார்த்து 1837 ஜனவரி-பிப்ரவரி என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தும்போது வரும் நிம்மதி தனி. இந்தத் தேதியை நான் சும்மா எடுக்கவில்லை, பின்னால் வருகிறது.

ஆசிரியர் பெயர் அடுத்த சிக்கல். வைத்தியச் சுவடி எதை எடுத்தாலும் அகத்தியர் என்று இருக்கும். எந்த அகத்தியர்? பல நூற்றாண்டுகளில் பலர் அந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள். சங்கப் பாட்டில் வரும் ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவர் அல்லர். நூலகப் பட்டியலில் ஒருவருக்கு ஒரு பெயர்த்தலைப்புத்தான் இருக்க வேண்டும், இருவரை ஒன்றாக்கவும் கூடாது, ஒருவரைப் பிரிக்கவும் கூடாது. இது தெரிந்த நாளிலிருந்து நான் ‘அகத்தியர் பெயரில் வழங்குவது’ என்று எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும்.

சரி, அந்தக் கட்டுக்கு வருகிறேன்.

‘வைத்தியம், பலவகை’ அட்டைக்குரிய சுவடியை வேலையில் சேர்ந்த முதல் வருடத்தின் கடைசியில் எனக்குக் கொடுத்தார்கள். சுத்தம் செய்து, ஏடுகளை எண்ணி, நீள அகலம் அளந்து, பக்கத்துக்கு எத்தனை வரி என்று குறித்து, முதல் வரியும் கடைசி வரியும் எழுதித் தர வேண்டும். மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிக்கொண்டே போனேன். நடுவில் ஓர் ஏடு மற்றவற்றைவிட நாலு விரற்கடை குட்டையாக இருந்தது. அதில் துளையே இல்லை. கயிற்றில் கோக்காமல் சும்மா செருகியிருந்தார்கள். ஏட்டெண்ணும் இல்லை. இது வேறெதிலிருந்தோ வந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து, எடுத்து ‘உதிரி ஏடுகள்’ என்ற உறையில் போட்டுவிட்டு மேலே தொடர்ந்தேன்.

சாயங்காலம் ஐயா அந்த உறையைப் பார்த்தார். குட்டை ஏட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தார். பிறகு கேட்டார்: “இது எங்கம்மா இருந்துச்சு?”

“இந்தக் கட்டுலதான் ஐயா.”

“கட்டுல எங்க? எந்த ஏட்டுக்கும் எந்த ஏட்டுக்கும் நடுவுல?”

எனக்குத் தெரியவில்லை. பாதிக்கு மேல் இருக்கும் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அவர் திட்டவில்லை. உறையின் மேல் பென்சிலால் கட்டின் எண்ணை மட்டும் எழுதினார்.

அந்த ஏடு ஒரு பிறந்த குறிப்பு. கொல்லம் 1012, துர்முகி, தை மாதம். நாள், நட்சத்திரம், நாழிகை, லக்கினம். ஆண் குழந்தை. பெயர் எழுதவில்லை.

ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒருவரிடமிருந்து வந்ததை வேறொருவருடையதோடு கலக்காதே. வந்த வரிசையைக் கலைக்காதே. கல்லூரியில் இரண்டையும் பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஏன் என்று புரிந்தது அன்றைக்குத்தான். ஒரு பொருள் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் அதில் எழுதியிருப்பதைப் போலவே ஒரு செய்தி. எழுதியதை மையைத் தடவி மீட்கலாம். பக்கத்தில் இருந்ததைக் கலைத்துவிட்டால் மீட்க எதுவும் தடவ முடியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ கட்டுகளும் பெட்டிகளும் என் மேசைக்கு வந்துவிட்டன. ஒருமுறை ஒரு குடும்பத்தார் இறந்துபோன பெரியவரின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கடிதங்கள், பாடக்குறிப்பு நோட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், உர ரசீதுகள். வேண்டாததை எடுத்துப்போட்டுவிட்டு முக்கியமானதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் எதையும் எடுத்துப்போடவில்லை. பெட்டியை மேலிருந்து கீழாக அடுக்கு அடுக்காகப் படமெடுத்து, எந்தக் கடிதம் எந்த நோட்டுக்குள் மடித்து இருந்தது என்று எழுதிக்கொண்டே பிரித்தேன். நாலு நாளில் முடிக்க வேண்டிய வேலை மூன்று வாரம் ஆனது. உர ரசீதுகளின் பின்பக்கம்தான் அவர் தன் ஊரில் பாடப்படும் ஒப்பாரிகளை எழுதி வைத்திருந்தார். ரசீது தேதியை வைத்து ஒவ்வொன்றும் எந்தப் பருவத்துக்கு முன்பு எழுதியிருக்க முடியாது என்று சொல்ல முடிந்தது.

எங்கள் நூலகத்தில் இப்போது கோஹா மென்பொருள். அதற்குள் மார்க் 21 என்ற அமைப்பு, ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். 245இல் தலைப்பு. எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். எனக்கு முக்கியம் 561. இந்தப் பொருள் யாரிடம் இருந்தது, யார் வழியாக வந்தது என்று எழுதும் இடம். பல நூலகங்களின் பதிவுகளில் அது வெறுமையாகக் கிடக்கும். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளங்களில் ஒன்று காலின் மெக்கன்சியின் தொகுப்பு. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் அவர். 1821இல் இறந்தார். ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளையும் ஊர்க்கதைகளையும் திரட்டும் வேலையில் அவருக்குக் கைகொடுத்தவர்கள் காவலி வெங்கட போரையாவும் அவருடைய தம்பி லட்சுமையாவும் அவர்களுடன் இருந்த இன்னும் பலரும். தொகுப்புக்கு மெக்கன்சியின் பெயர் நிலைத்துவிட்டது. எந்த ஊரில், யார் வீட்டுப் பரணிலிருந்து எது இறங்கியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள்தான் இன்றும் திண்டாடுகிறார்கள்.

சுவடிகள் எப்படிப் போயின என்பதை உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். வெறுப்பில் செய்ததில்லை, சாஸ்திரம் என்று நம்பிச் செய்தது. என்னென்ன எரிந்தன என்று எந்தப் பட்டியலும் கிடையாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவும் ஜூன் 1ஆம் தேதியும் எரிக்கப்பட்டதைப் பற்றி யார் எழுதினாலும் 97,000 என்ற எண் வரும். நூல்களும் ஏடுகளும் சேர்ந்த எண் அது. அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏடுகள்தான் நினைவுக்கு வரும். அச்சு நூலுக்கு எங்காவது இன்னொரு பிரதி இருக்கும். ஏடு எரிந்தால், அதைப் பார்த்த ஒருவர் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே மிச்சம். அந்தக் குறிப்பு ‘பலவகை’ என்று இருந்தால் என்ன மிஞ்சும்?

இப்போது ஸ்கேன் செய்கிறோம். நல்லதுதான், நானும் அதற்காகப் போராடியவள். ஆனால் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு ஒத்துப்போக என்னால் முடியவில்லை. வெளியிலிருந்து ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது. ஆயிரக்கணக்கான ஏடுகளின் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கேமரா கொடுத்த எண்ணே பெயர். எந்தக் கட்டு எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்றுகூட இல்லை. மூலக் கட்டுகள் உரியவர்களிடம் திரும்பிப் போய்விட்டன. அந்தப் படங்களை நாங்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் என் தவறுக்கு வழி காட்டியதும் ஸ்கேன்தான்.

2021இல் அந்த வைத்தியக் கட்டைப் படமெடுக்க வரிசை வந்தது. ஐயா அப்போது ஓய்வுபெற்றுப் பத்து வருடம். படங்களைச் சரிபார்க்கும்போது ஏடுகளில் பூச்சி போட்ட துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூச்சி ஏடு ஏடாகத் தின்பதில்லை, கட்டைக் குடைந்துகொண்டே போகும். ஓர் ஏட்டில் இருக்கும் துளை அடுத்த ஏட்டில் கொஞ்சம் நகர்ந்து, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, ஒரு சுரங்கம் போலப் போகும். வரிசை குலைந்த கட்டை இதைக் கொண்டே சரிசெய்கிறவர்கள் உண்டு. குட்டை ஏட்டிலும் மூன்று துளைகள் இருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

உறையை எடுத்துவந்தேன். குட்டை ஏட்டின் படத்தைக் கணினியில் பாதி வெளிறலாக்கி, 50ஆம் ஏட்டிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தேன். ஏடு எந்தப் பக்கம் தள்ளிச் செருகப்பட்டிருந்தது என்று தெரியாததால் ஒவ்வொன்றிலும் இடமும் வலமும் நகர்த்த வேண்டியிருந்தது. திருப்பியும் போட வேண்டியிருந்தது. மூன்று சாயங்காலம் ஆனது. 71க்கும் 72க்கும் நடுவில் வைத்தபோது மூன்று துளைகளும் ஒன்றாக விழுந்தன. 71இல் இருந்த துளை, குட்டை ஏட்டில் ஒரு மயிரிழை நகர்ந்து, 72இல் இன்னொரு மயிரிழை.

அந்தக் கட்டு பலவகை இல்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் 58 ஏடுகள் பொது மருந்து முறைகள். 59 முதல் 90 வரை பாலவாகடம், அதாவது குழந்தை வைத்தியம். அதன் பிறகு மாட்டு வாகடம், வேறு கை. பாலவாகடப் பகுதியும் பிறந்த குறிப்பும் ஒரே கையெழுத்து. ளகரத்தின் வாலை அவர் இழுத்துச் சுழிக்கும் விதத்தை வைத்துச் சொல்லலாம். ஆகவே அந்தப் பகுதி 1837ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று பதிவில் போட முடிந்தது.

71ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் தொடங்கி 72இல் முடிகிற பாட்டு, பால் குடிக்கும் குழந்தைக்கு வரும் மாந்தத்துக்கு மருந்து சொல்வது. அந்த இரண்டு ஏடுகளின் ஓரம் மட்டும் மற்றவற்றைவிடக் கைபட்டுக் கறுத்திருக்கிறது.

ஐயாவுக்குப் போன் செய்தேன். காது அவ்வளவாகக் கேட்பதில்லை. இரண்டு முறை சொன்ன பிறகு புரிந்துகொண்டு, “எழுபத்தொண்ணுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவுலயா?” என்று திரும்பக் கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “பதிவுல எழுதிடுங்கம்மா. நீங்க எடுத்ததையும் எழுதுங்க” என்றார்.

எழுதினேன். மார்க் 21இல் 583 என்று ஓர் இடம் உண்டு. நூலகம் அந்தப் பொருளுக்கு என்ன செய்தது என்பதைக் குறிப்பதற்கு. அதில் இப்போது இப்படி இருக்கிறது: ‘துளையில்லாத குறும் ஏடு ஒன்று (பிறந்த குறிப்பு, கொல்லம் 1012 தை) 2008இல் சுத்தம் செய்தபோது இடம் குறிக்காமல் பட்டியலாளரால் தனியே எடுக்கப்பட்டது. 2021இல் பூச்சித் துளைகளின் பொருத்தத்தைக் கொண்டு ஏடு 71க்கும் 72க்கும் இடையே இருந்ததெனக் கண்டு அவ்விடத்திலேயே வைக்கப்பட்டது.’

‘உதிரி ஏடுகள்’ உறை இன்னும் இருக்கிறது. அதில் வேறு நான்கு கட்டுகளிலிருந்து நான் வருவதற்கு முன்பே எடுத்துப்போட்ட 23 ஏடுகள் இருக்கின்றன. போன மாதத்திலிருந்து அவற்றின் துளைகளை அளந்துகொண்டிருக்கிறேன்.